மகனை விட வயதான டயர்!

மகனைப் பறிகொடுத்த தாய், புதிய சட்டம் கொண்டு வந்த கதை

கார் வைத்திருப்போர் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைகள்

2012-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ந் தேதி. நள்ளிரவு நெருங்கும் நேரம்.

இங்கிலாந்தில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. வைட் தீவில் நடந்த இசை விழாவைப் பார்த்துவிட்டு, இளைஞர்களும் இளம் பெண்களும் அந்த பஸ்சில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் லிவர்பூல் நகரப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

வழியில் ஹைண்ட்ஹெட் என்று ஓர் ஊர். பஸ் அந்த ஊரின் அருகே வந்தபோது, அதன் முன்பக்கத்து டயர் ஒன்று வெடித்தது!

பஸ் தடுமாறியது. சாலையை விட்டு விலகி ஓடியது. ஒரு மரத்தில் மோதி நொறுங்கியது.

3 பேர் பலி ஆனார்கள். ஒருவர், பஸ்சை ஓட்டிய டிரைவர். இன்னொருவர், 23 வயதுப் பெண். மற்றொருவன், 18 வயது வாலிபன். அவன் ஓர் இசைக் கலைஞன். மற்றும் பலர் காயம் அடைந்தார்கள்.

டயர் ஏன் வெடித்தது? அதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள். அப்போது ஓர் உண்மை வெளியாயிற்று. அதைக் கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள்.

வெடித்த டயரின் வயது பத்தொன்பதரை ஆண்டு!

செத்துப்போன வாலிபனுக்கோ வயது 18. அதாவது, அவன் பிறப்பதற்கு முன்பே அந்த டயர் பிறந்துவிட்டது!

தாயின் கேள்வி

"என் மகனை விட வயதான டயரை எப்படி ஓட விட்டார்கள்?"

இது அந்த வாலிபனின் தாய் கேட்ட கேள்வி.

சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். டயரில் இத்தனை அளவு பள்ளம் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதி இருந்தது. வெட்டு, வீக்கம் இருக்கக் கூடாது என்றும் இருந்தது. ஆனால் டயருக்கு இத்தனை வயதுதான் இருக்கலாம் என்று ஒரு வரி கூட இல்லை!

அந்தத் தாய் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கவில்லை. "என் மகன் போய்விட்டான். இன்னொரு தாய்க்கு இந்தக் கதி வரக் கூடாது" என்று முடிவு செய்தார். பழைய டயர்களைத் தடை செய்ய வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்.

மந்திரிகளைப் பார்த்தார். பார்லிமெண்டு உறுப்பினர்களைப் பார்த்தார். பொதுமக்களிடம் ஆதரவு திரட்டினார்.

முதலில், "பழைய டயர்களை முன்சக்கரத்தில் போட வேண்டாம்" என்று ஆலோசனை மட்டும் சொன்னார்கள். "ஆலோசனை போதாது, சட்டம் வேண்டும்" என்றார் தாய். ஒரு மந்திரி போய் இன்னொரு மந்திரி வந்தார். தாய் மட்டும் மாறவில்லை. மீண்டும் மீண்டும் போய்க் கதவைத் தட்டினார்.

8 ஆண்டுகள் ஓடின. கடைசியில் அரசாங்கம் இணங்கியது.

2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ந் தேதி, சட்டம் அமுலுக்கு வந்தது. லாரி, பஸ் ஆகியவற்றின் முன்சக்கரங்களில், 10 வயதுக்கு மேற்பட்ட டயர் இருக்கக் கூடாது. சிறிய பஸ்களில், ஒற்றையாக உள்ள எந்தச் சக்கரத்திலும் இருக்கக் கூடாது. மீறினால் குற்றம்!

ஆனால், மோட்டார் கார்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. கார் டயருக்கு என்ன வயது என்று பார்ப்பது, காரின் சொந்தக்காரர் பொறுப்பு.

அதைப் பார்ப்பது எப்படி? டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும்? இவை டிரைவர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் அல்ல. காரில் ஏறி உட்காரும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

உள்ளங்கை அளவு இடம்!

கார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது தரையைத் தொடும் இடம் மிகச் சிறியது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களுடன் சேர்த்து காரின் எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 4 டயர்கள். ஒவ்வொரு டயரும் 300 கிலோவைச் சுமக்கிறது. அதாவது சுமார் 660 பவுண்டு.

டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு. 660-ஐ 33-ஆல் வகுத்தால் 20 வருகிறது. ஆகவே, ஒரு டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 20 சதுர அங்குலம். 4 அங்குல அகலம், 5 அங்குல நீளம். ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு!

காரைத் திருப்புவதும், நிறுத்துவதும், மழையில் வழுக்காமல் காப்பதும் இந்த 4 உள்ளங்கைகள்தான். பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், டயர் தரையைப் பிடித்தால்தான் கார் நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காரின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுதான். ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைக் கட்டிக் காக்கும் பை. காற்று இல்லாத டயர், நெல் இல்லாத சாக்கு மாதிரி. நிற்காது, சுருண்டு விழுந்துவிடும்.

மாட்டு டாக்டர் செய்த டயர்

காற்று அடைத்த டயரை முதன் முதலில் செய்தவர் யார்?

ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர். 1845-ம் ஆண்டிலேயே அவர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால், அப்போது சைக்கிளும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. குதிரை வண்டிக்கு அந்த டயர் எதற்கு என்று உலகம் அதை மறந்துவிட்டது.

43 ஆண்டு கழித்து, பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்று ஒருவர் இருந்தார். அவர் ஆடு, மாடு, குதிரைகளுக்கு வைத்தியம் செய்யும் டாக்டர். அவருடைய சிறு மகன், மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். கெட்டியான சக்கரம். கல் பாவிய தெரு. தடதடவென்று உடம்பெல்லாம் குலுங்கும்.

மகன் படும் பாட்டைப் பார்த்தார் தகப்பனார். ரப்பர் குழாய் செய்து, காற்று அடைத்து, சக்கரத்தில் கட்டிக் கொடுத்தார். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது! 1888-ம் ஆண்டில் அவர் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் காற்று டயர் உலகம் முழுவதும் பரவியது.

1895-ம் ஆண்டில், பாரிஸ் நகரில் இருந்து போர்டோ நகர் வரை போய்த் திரும்பும் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. மிஷலின் சகோதரர்கள் காற்று டயர் போட்ட காருடன் அதில் கலந்துகொண்டார்கள். வழியெல்லாம் பஞ்சர்! ஆனாலும் விடாமல் ஓட்டி முடித்தார்கள்.

சென்னைக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1946-ம் ஆண்டில், திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு சிறிய கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்து விற்றார். பலூன் செய்த அந்தத் தொழில்தான் வளர்ந்து, 1961-ம் ஆண்டில் டயர் செய்யும் எம்.ஆர்.எப். தொழிற்சாலையாக மாறியது.

ஆக, டயரின் கதையே காற்றின் கதைதான்.

ரப்பருக்கும் முதுமை

மனிதனுக்கு வயது ஆவது போல் ரப்பருக்கும் வயது ஆகிறது.

வீட்டில் மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். பல ஆண்டுக்கு முன்பு போட்ட ரப்பர் வளையம் கிடக்கும். அதை இழுங்கள். நீளாது, படக் என்று அறுந்துவிடும். அதை யாரும் உபயோகிக்கவில்லை. சும்மாதான் கிடந்தது. ஆனாலும் கெட்டுவிட்டது.

டயரும் அப்படித்தான். காற்றில் உள்ள பிராண வாயு, ரப்பருக்குள் மெள்ள மெள்ளப் புகுந்து அதைக் கெட்டியாக்குகிறது. ஓசோன் என்ற வாயு, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெயிலும் சூடும் இந்த வேலையைத் துரிதப்படுத்துகின்றன. ஆகவே, வெப்பமான ஊர்களில் டயர் சீக்கிரம் கிழடு ஆகிவிடும்.

வெளியே தெரியும் வெடிப்பை விட, உள்ளே நடப்பதுதான் பெரிய அபாயம். இப்போது வரும் கார் டயர்களுக்குள் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. ரப்பர்தான் அவற்றை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரப்பர் கிழடு தட்டினால் பிடிப்பு போய்விடும். வேகமாக ஓடும்போது, மேல்பட்டை அப்படியே உரிந்து வந்துவிடும்! வெளியே பார்த்தால் டயர் புதிது போல் இருக்கும். உள்ளே நோய் முற்றி இருக்கும்.

"என் கார் அதிகம் ஓடுவதே இல்லை. ஷெட்டில்தான் நிற்கிறது. டயர் புதிதாகவே இருக்கிறது" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள்.

அது பெருமை அல்ல!

டயர் செய்யும்போது ரப்பரில் ஒருவித மெழுகையும், ஓசோனைத் தடுக்கும் மருந்தையும் கலக்கிறார்கள். டயர் உருண்டு ஓடும்போதுதான் அவை வெளியே கசிந்து வந்து, மேல்தோலைக் காப்பாற்றும். ஓடாமல் நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. ஒரே இடத்தில் மாதக் கணக்கில் பாரம் தாங்கி நின்றால், அடிப்பக்கம் தட்டையாகவும் போய்விடும்.

பிறந்த தேதி எங்கே?

டயரின் பிறந்த தேதி அதன் உடம்பிலேயே எழுதி இருக்கிறது. பார்க்கத் தெரிந்தால் போதும்.

டயரின் பக்கச் சுவரில், டி.ஓ.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அதற்குப் பிறகு சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். கடைசியில் 4 எண்கள் இருக்கும். அவைதான் பிறந்த தேதி.

உதாரணமாக, 2319 என்று இருந்தால் என்ன அர்த்தம்? முதல் இரண்டு எண்கள் வாரத்தைக் குறிக்கும். கடைசி இரண்டு எண்கள் ஆண்டைக் குறிக்கும். அதாவது, 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ஜூன் மாதத் தொடக்கத்தில் செய்த டயர் என்று தெரிந்துகொள்ளலாம்.

4 எண்களுக்குப் பதில் 3 எண்கள் மட்டும் இருந்தால்? அந்த டயர் 2000-ம் ஆண்டுக்கு முன்பு செய்தது. அதை ஒரு நிமிஷம் கூட வண்டியில் வைத்திருக்கக் கூடாது!

ஒரு பக்கத்தில் தேதி இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். சில டயர்களில், ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழு எண் இருக்கும். காரின் அடிப்புறம் பார்த்த பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பாருங்கள். கடையில் பல காலம் தேங்கிக் கிடந்த டயரை, "புதுசு" என்று உங்கள் தலையில் கட்டிவிடலாம். பழைய கார் வாங்கும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. பெயிண்டு பளபளக்கும், டயர் பல் இளிக்கும்!

எத்தனை ஆண்டு?

ஒரு டயரை எத்தனை ஆண்டு வரை ஓட்டலாம்?

6 ஆண்டு ஆனதும் மாற்றிவிடுங்கள் என்று பல கார் கம்பெனிகள் சொல்கின்றன. 5 ஆண்டு ஆன பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை தெரிந்தவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும், எப்படி இருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்று டயர் கம்பெனிகள் சொல்கின்றன.

வெயில் அதிகம் உள்ள ஊரில் இருப்பவர்கள், முதல் கணக்கை வைத்துக்கொள்வது நல்லது.

வயது ஆகாவிட்டாலும், பள்ளம் தேய்ந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். பள்ளம் எதற்கு? மழைத் தண்ணீரை வெளியேற்றுவதற்கு. பள்ளம் இல்லாத மொட்டை டயர், ஈரச் சாலையில் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது.

நம் நாட்டுச் சட்டப்படி, கார் டயரில் குறைந்தது 1.6 மில்லி மீட்டர் பள்ளம் வேண்டும். இதை அளக்கக் கருவி தேவை இல்லை. பள்ளத்துக்குள் குறுக்கே சிறிய ரப்பர் மேடுகள் இருக்கும். மேல்பட்டை தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது.

காற்று குறைந்தால்?

ஒரு கம்பியை எடுத்து, ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாக வளைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சுடும். இன்னும் வளைத்தால் ஒடிந்துவிடும்.

காற்று குறைந்த டயரில் நடப்பதும் இதுதான்.

டயர் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும், தரையைத் தொடும் இடம் அமுங்கி, மறுபடியும் நிமிர்கிறது. காற்று சரியாக இருந்தால் கொஞ்சம்தான் அமுங்கும். காற்று குறைவாக இருந்தால், பக்கச் சுவர் நன்றாக மடங்கி மடங்கி நிமிரும்.

சாதாரணக் கார் ஒன்றின் சக்கரம், ஒரு கிலோ மீட்டர் தூரத்துக்குச் சுமார் 500 தடவை சுற்றுகிறது. 100 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், ஒரு நிமிஷத்தில் 800 தடவைக்கு மேல்! அத்தனை தடவையும் ரப்பர் மடங்கி நிமிர்கிறது. சூடு ஏறுகிறது. சூடு ஏற ஏற ரப்பர் பலம் இழக்கிறது. ஒட்டு விடுகிறது. முடிவில் வெடிக்கிறது.

காற்று அதிகம் ஆனதால்தான் டயர் வெடிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர் மாறானது. காற்று குறைந்த டயர்தான் சூடாகி வெடிக்கிறது.

காற்று குறைந்தால் பணமும் நஷ்டம். அழுத்தம் ஒவ்வொரு பவுண்டு குறையும்போதும், பெட்ரோல் செலவு சிறிது சிறிதாக ஏறும். டயரும் சீக்கிரம் தேயும்.

65 லட்சம் டயர்கள்!

காற்றும் சூடும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை, அமெரிக்கா ஒரு தடவை பார்த்தது.

2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி, ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. போர்டு கம்பெனியின் எக்ஸ்புளோரர் என்ற பெரிய காரில் அந்த டயர்கள் அதிகமாகப் பொருத்தப்பட்டிருந்தன. வேகமாக ஓடும்போது மேல்பட்டை உரிந்து, கார்கள் தலைகுப்புற உருண்டன. 200-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா போன்ற வெப்பமான மாகாணங்களில்தான் இந்த விபத்துகள் அதிகம்.

"கார்தான் காரணம்" என்றது டயர் கம்பெனி. "டயர்தான் காரணம்" என்றது கார் கம்பெனி. டயரின் தயாரிப்பு, காரின் அமைப்பு, காற்றின் அளவு ஆகிய எல்லாவற்றைப் பற்றியும் சர்ச்சை நடந்தது. அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட காற்றின் அளவு 26 பவுண்டுதான். அது போதாது என்பது டயர் கம்பெனியின் வாதம்.

அதே ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. அதன் பலனாக, காற்று குறைந்தால் டிரைவருக்கு விளக்கு எரிந்து எச்சரிக்கை செய்யும் கருவி, கார்களில் கட்டாயம் ஆயிற்று.

நம் நாட்டிலும் பல கார்களில் அந்த விளக்கு உண்டு. ஆனால் அதையே நம்பி இருந்துவிடக் கூடாது. அமெரிக்கச் சட்டப்படி, காற்று கால் பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 32 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 24 பவுண்டு ஆன பிறகுதான் எச்சரிக்கை வரலாம்! அதற்குள் டயர் எவ்வளவோ துன்பப்பட்டிருக்கும்.

எவ்வளவு காற்று?

காருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?

"எல்லாக் காருக்கும் 30 அடி" என்று சொல்பவர்கள் உண்டு. டயரின் மேல் எழுதி இருக்கும் எண்ணைப் பார்த்து அடிப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு.

டயரின் மேல் இருப்பது, அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் காருக்கு வேண்டிய அளவு அது அல்ல.

சரியான அளவு எங்கே இருக்கிறது? டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் ஒரு சீட்டு ஒட்டி இருக்கும். சில கார்களில், பெட்ரோல் ஊற்றும் மூடியின் உட்புறம் இருக்கும். காருடன் கொடுத்த புத்தகத்திலும் இருக்கும். முன் டயருக்கு இத்தனை, பின் டயருக்கு இத்தனை என்று அதில் போட்டிருப்பார்கள். பல கார்களில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று, இரண்டொருவர் போகும்போது. மற்றொன்று, ஆட்களும் சாமானும் நிறைய ஏற்றிக்கொண்டு போகும்போது.

இந்த இரண்டாவது கணக்கைத்தான் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லோருமாகக் குலதெய்வம் கோவிலுக்குப் புறப்படுவார்கள். பின்னால் பெட்டி, பாத்திரம், அரிசி மூட்டை. பூசணிக்காய் உடைப்பார்கள். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர், அந்தச் சக்கரத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது இல்லை!

காலையில் பாருங்கள்

காற்றை எப்போது பார்க்க வேண்டும்? டயர் குளிர்ந்து இருக்கும்போது பார்க்க வேண்டும். காலையில் வண்டியை எடுத்தவுடன் பார்ப்பது சிறந்தது. பங்க் பக்கத்திலேயே இருந்தால், மெதுவாக இரண்டொரு கிலோ மீட்டர் ஓட்டிப் போய்ப் பார்க்கலாம்.

ஏன்? சூடு ஏறினால் காற்று விரியும். வெப்பம் 5, 6 டிகிரி கூடினால், அழுத்தம் ஒரு பவுண்டு கூடும். நெடுந்தூரம் ஓடி வந்த டயரில், 4 அல்லது 5 பவுண்டு கூடுதலாகக் காட்டலாம். "ஐயோ, அதிகமாகிவிட்டது" என்று காற்றைத் திறந்துவிடாதீர்கள். டயர் ஆறியதும், வேண்டிய அளவை விடக் குறைந்துபோகும்.

கோடைக்காலத்தில் வேண்டும் என்றே 3, 4 பவுண்டு குறைத்து ஓட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இது மிகவும் ஆபத்தானது. காற்றைக் குறைத்தால் ரப்பர் அதிகமாக மடங்கும். சூடு இன்னும் ஏறும். வெயில் காலத்திலும் சீட்டில் உள்ள அளவுதான் சரி.

கண்ணால் பார்த்தோ, காலால் உதைத்தோ காற்றைக் கணக்கிட முடியாது. இப்போதைய ரேடியல் டயர்கள், காற்று சரியாக இருக்கும்போதே அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். அளவு கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சிறிய கருவி ஒன்று வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நல்ல டயரில் கூட மாதத்துக்குச் சுமார் ஒரு பவுண்டு காற்று தானாகவே இறங்கும். ஆகவே, மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நெடுந்தூரப் பயணத்துக்கு முன்பு அவசியம் பார்க்க வேண்டும்.

"நைட்ரஜன் அடித்தால் பார்க்க வேண்டாமே?" என்று கேட்கலாம். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 100-க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். நைட்ரஜன் அடிப்பதில் தவறு இல்லை. ஆனால், அளவு பார்க்கும் வேலை மட்டும் குறையாது.

டயர் சொல்லும் சேதி

டயர் வாய் பேசாது. ஆனால், தேயும் விதத்தில் தன் குறையைச் சொல்லும்.

இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்று குறைவாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால், காற்று அதிகம்.

ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால், சக்கரம் கோணலாக இருக்கிறது. அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

பக்கச் சுவரில் கொப்புளம் போல் வீக்கம் இருந்தால், உள்ளே நூல் அறுந்துவிட்டது. பள்ளத்தில் வேகமாக இறக்கினால் இப்படி ஆகும். அந்த டயரை உடனே கழற்றிவிட வேண்டும். பக்கச் சுவரில் விழுந்த ஓட்டைக்கு பஞ்சர் ஒட்டவும் கூடாது.

இரண்டே டயர் மாற்ற வசதி இருந்தால், புதிய டயரை எங்கே போடுவது? முன்னால் என்றுதான் பலர் சொல்வார்கள். பின்னால் போடுங்கள் என்கிறார்கள் டயர் நிபுணர்கள். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும்!

ஸ்டெப்னியை மறக்காதீர்

உபரிச் சக்கரத்தை நாம் 'ஸ்டெப்னி' என்கிறோம். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெரு இருக்கிறது. 1904-ம் ஆண்டில் அந்த ஊரில்தான் மோட்டாருக்கு உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயரே சக்கரத்தின் பெயர் ஆகிவிட்டது!

ஸ்டெப்னி வெயிலைப் பார்ப்பது இல்லை. ஓடுவதும் இல்லை. ஆனாலும் அதற்கும் வயது ஆகிறது. காற்றும் இறங்குகிறது. நடு ரோட்டில், நடு ராத்திரியில், பஞ்சர் ஆன டயரைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை எடுத்தால், அதிலும் காற்று இல்லை என்றால் எப்படி இருக்கும்? மாதம் ஒரு தடவை 4 டயர்களைப் பார்க்கும்போது, ஐந்தாவதையும் பாருங்கள்.

வெடித்துவிட்டால்...

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், ஆணியோ கம்பியோ குத்தி, ஓடும்போது டயர் வெடிக்கலாம். அப்போது என்ன செய்வது?

பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். இதுதான் முதல் பாடம். பயத்தில் எல்லோரும் செய்வது அதுதான். கார் கவிழ்வதற்கும் அதுவே காரணம் ஆகிவிடும்.

ஸ்டீரிங்கை இரு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காரை நேராகவே போக விடுங்கள். ஆக்சிலேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் தானாகக் குறையும். நன்றாகக் குறைந்த பிறகு, மெல்ல ஓரம் கட்டி நிறுத்துங்கள். காரில் இருப்பவர்களைச் சாலைக்கு அப்பால் பத்திரமான இடத்தில் நிற்க வையுங்கள்.

எல்லோரும் பெல்ட் போட்டிருந்தால், பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பின்சீட்டில் இருப்பவர்களும் போட வேண்டும்.

10 நிமிஷம் போதும்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. 10 நிமிஷம் ஒதுக்குங்கள்.

4 டயர்களையும் ஸ்டெப்னியையும் அளந்து பாருங்கள். பள்ளத்தைப் பாருங்கள். வெடிப்பு, வீக்கம் இருக்கிறதா என்று பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். வால்வுக்கு மூடி இருக்கிறதா என்று கவனியுங்கள். இன்று ஒரே ஒரு தடவை, அந்த 4 எண்களைப் படித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால், அந்த வேலையை அவர்களிடம் கொடுக்கலாம். டயரைச் சுற்றி வந்து, எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, "அப்பா, இது எந்த வருஷத்து டயர் தெரியுமா?" என்று அவர்களே வந்து சொல்வார்கள்.

ஹைண்ட்ஹெட் சாலையில் அன்று இரவு வெடித்த டயரிலும் பிறந்த தேதி இருந்தது. 19 ஆண்டாக அது அங்கேயேதான் இருந்தது.

அதை யாராவது ஒருவர் குனிந்து படித்திருந்தால், 3 பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.